வண்டி வரைபடத்தில் நின்றுவிட்டதா? ட்ரெக்கர் டேட்டா கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

இரவு பதினொன்றரைக்கு ஒரு போன். வாழைச்சேனையில் ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு பேலியகொடைக்குப் புறப்பட்ட லொறியின் முதலாளி. “மனே, லொறி புனானையிலயே நிக்கிது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாச்சு, அசையுதில்ல. றைவர்ட போனும் வேலை செய்யுதில்ல.” யானை வரும் காட்டுப் பாதை அது. குரலில் நடுக்கம் இருந்தது. நான் சேர்வரை (இடப் பதிவுகள் வந்து சேரும் கணினியை) திறந்து பார்த்தபோது பழைய பதிவுகள் அப்போதுதான் வந்து முடிந்திருந்தன. லொறி நிற்கவில்லை, ஹபரணையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வண்டியின் இடத்தைச் சிம் வழியே அனுப்பும் ட்ரெக்கர் மட்டும் ஒரு மணித்தியாலம் பழைய இடங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தது. றைவரின் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வரைபடத்தில் இருக்கும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் யாரோ விழித்திருக்கிறார்கள். ஆகவே “கவரேஜ் இல்லை, வந்தால் சரியாகும்” என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குப் பிடிக்காது. மட்டக்களப்பு, அம்பாறை வண்டிகளில் நான் பார்த்த கோளாறுகளில் டவரின் மேல் பழி போட்டவை ஏராளம், உண்மையில் டவரால் வந்தவை கொஞ்சம். அநேகமானவை வண்டி தேவைக்கு மேல் பேசுவதால் (அதாவது தகவல் அனுப்புவதால்), அல்லது தவறான நேரத்தில் பேசுவதால் வருகிறவை.

எதையும் கழற்றுமுன் ஒன்றைச் செய்யுங்கள். ட்ரெக்கரின் சிம் இலக்கத்துக்கு நிலையறியும் எஸ்.எம்.எஸ். கட்டளையை அனுப்புங்கள். பதில் வந்தால் மின்சாரம் இருக்கிறது, சிம் உயிரோடு இருக்கிறது, டவர் அதை ஏற்றிருக்கிறது. அப்போது கோளாறு டேட்டா பக்கம்: பக்கேஜ் தீர்ந்திருக்கும், ஏ.பி.என். (சிம் கம்பனியின் இணைய வாசல் பெயர்) பிழையாக இருக்கும், அல்லது சேர்வர் முகவரி மாறியிருக்கும். பதில் வராவிட்டால்தான் வண்டியைத் தேடிப் போக வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்கு எத்தனையோ தடவை அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் ஓடும் ஓட்டத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வண்டி ஓடுகிறது, வரைபடத்தில் ஊர்கிறது அல்லது நிற்கிறது

அந்த மீன் லொறியின் கதை இதுதான். கவரேஜ் இல்லாத இடத்தில் ட்ரெக்கர் இடங்களைத் தன் நினைவகத்தில் சேமிக்கும், கவரேஜ் வந்ததும் அனுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த ஒழுங்கில் அனுப்புகிறது என்பதில்தான் வினை.

10 செக்கனுக்கு ஒரு பதிவு என்றால் இரண்டு மணித்தியாலத்தில் 720 பதிவுகள் சேரும். அளவில் அது ஒன்றுமேயில்லை. பதிவுக்கு 60 பைட் வைத்தாலும் 43 கிலோபைட்தான், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தை விடச் சிறிது. ஆனால் ஒரு பதிவை அனுப்பி, “கிடைத்தது” என்று சேர்வர் சொல்லும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை அனுப்பும்படி கருவி அமைந்திருந்தால் என்ன ஆகும்? சிக்னல் மெலிந்த இடத்தில் ஒரு போய்வருகைக்கு 2 செக்கன் என்று வையுங்கள். 720 பதிவுக்கு 24 நிமிடம். அந்த 24 நிமிடத்துக்குள் புதிதாக 144 பதிவுகள் வரிசையின் பின்னால் சேர்ந்துவிடும். பழையது முதலில் போவதால் இப்போது வண்டி எங்கே என்பது கடைசியாகத்தான் தெரியும். நடுவில் இன்னொரு காட்டுத் துண்டு வந்தால் கணக்கு மேலும் நீளும்.

தீர்வு இரண்டு செட்டிங். ஒன்று, ஒரு பொதியில் 20 பதிவுகளையாவது சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். 720 பதிவு 36 பொதியாகிவிடும், ஒன்றேகால் நிமிட வேலை. இரண்டாவது, புதியது முதலில் போகட்டும், பழையவை இடைவெளியில் போகட்டும். எல்லாக் கருவியிலும் இந்த இரண்டாவது வசதி இல்லை. இல்லாவிட்டால் சேர்வர் திரையில் “பதிவான நேரம்”, “வந்து சேர்ந்த நேரம்” என இரண்டையும் காட்டும்படி வையுங்கள். முதலாளிமாருக்கும் அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். அன்றிரவு அந்த ஐயாவுக்கு அது தெரிந்திருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டார். சொல்லிக் கொடுக்காதது என் பிழை.

சிக்னல் கோடு நிறைய இருக்கிறது, டேட்டா போவதில்லை

ஆடி அமாவாசையன்று அமிர்தகழிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்த சனம் அத்தனை பேர் கையிலும் போன், பாதிப் பேர் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கருவி முழுக் கோடு காட்டும். ஆனால் இடம் அரை மணித்தியாலம் பிந்தி வரும்.

கோடு சொல்வது டவரின் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா என்பதை மட்டும். உங்கள் பேச்சு டவருக்குக் கேட்கிறதா, அதற்குக் கேட்க நேரம் இருக்கிறதா என்பதைக் கோடு சொல்லாது. 4ஜியில் பேச விரும்பும் கருவி முதலில் கையை உயர்த்தி அனுமதி கேட்க வேண்டும். அதற்கென ஒவ்வொரு செல்லிலும் (டவர் பார்க்கும் ஒவ்வொரு பரப்பிலும்) 64 அடையாள ஒலிகள் இருக்கின்றன. கருவி அவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒலிக்கும். ஒரே கணத்தில் இரண்டு கருவிகள் ஒரே ஒலியை எடுத்தால் மோதிவிடும், இரண்டும் திரும்பக் கேட்க வேண்டும். சனம் கூடக் கூட மோதலும் கூடும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, “டேட்டா பிந்துகிறது, இன்னும் அடிக்கடி அனுப்பச் சொல்வோம்” என்று இடைவெளியைக் குறைப்பது. அது சந்தையில் எல்லாரும் கத்தும்போது நாமும் சேர்ந்து கத்துவது போல. நெரிசலில் குறைவாகப் பேச வேண்டும். வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசும் 5.9 கிகாஹேட்ஸ் வானொலி முறைகளை வடிவமைத்த ஐரோப்பியத் தரத்திலேயே இந்த எண்ணம் உள்ளது. அங்கே அலைவரிசை எவ்வளவு நேரம் நிரம்பிக் கிடக்கிறது என்று ஒவ்வொரு வண்டியும் அளந்து, நிரம்பினால் தன் செய்தி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நம்மூர் பஸ்ஸில் அந்த வானொலி இல்லை. அந்த ஒழுக்கத்தை ட்ரெக்கரில் கொண்டுவர முடியும்: இரண்டு தடவை பதில் வராவிட்டால் இடைவெளியை இரட்டிப்பாக்கு, பதில் வரத் தொடங்கினால் மெல்லப் பழைய நிலைக்கு வா. கருவியில் இந்த வசதி இல்லையென்றால், திருவிழா நாட்களில் சேர்வரிலிருந்து கட்டளை அனுப்பி இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். ஒகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாத யாத்திரைக் காலத்தில் பொத்துவில், பாணமைப் பக்கம் போகும் வண்டிகளுக்கும் இதையே செய்கிறேன்.

அவசரப் பொத்தான் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடாது. றைவர் அதை அழுத்தினால் டேட்டாவாகவும் எஸ்.எம்.எஸ்ஸாகவும் உடனே போக வேண்டும், வரிசையில் நிற்கக்கூடாது. இதைப் பொருத்தும் நாளிலேயே அழுத்திப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மாதம் பாதியிலேயே டேட்டா தீர்ந்துவிடுகிறது

இதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். மனக்கணக்குப் போதாது.

10 செக்கனுக்கு ஒன்று என்றால் நாளுக்கு 8640 பதிவுகள். 60 பைட் பதிவை டி.சி.பி. என்ற இணைய அனுப்பு முறை வழியாக அனுப்பினால் அதன் மேல் 40 பைட் உறை (முகவரி விவரம்) விழும், திரும்பி வரும் ஏற்புக்கு இன்னொரு 40. ஆக 140 பைட். நாளுக்கு 1.2 மெகாபைட், 30 நாளுக்கு 36 மெகாபைட். ஆறு பதிவை ஒரு பொதியாக்கி நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் அதே 8640 பதிவும் 19 மெகாபைட்டில் அடங்கும். சரக்கை விட உறைக்குத்தான் அதிகம் செலவழிக்கிறோம் என்பது இதில் விளங்கும்.

இனி ஜிகாபைட் கணக்கில் ஏன் தீர்கிறது? நான் கண்ட முதற் காரணம், ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக இணைப்பைத் திறந்து மூடுவது. தகவலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பான டி.எல்.எஸ். இணைப்பு ஒன்றைத் தொடங்க, சான்றிதழ் கைமாறுவதற்கே 5 கிலோபைட் அளவில் போகும். 8640 தடவை என்றால் நாளுக்கு 43 மெகாபைட், மாதம் 1.3 ஜிகாபைட். வண்டி எங்கே என்ற தகவல் அதில் ஒரு மூலையில்தான் கிடக்கும். இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள். டி.எல்.எஸ்ஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வண்டி எங்கே நிற்கிறது என்பது திருடனுக்கும் பயன்படும் தகவல்.

இரண்டாவது காரணம் கமரா. 4ஜி டேஷ் கமரா பூட்டி அதற்கும் ட்ரெக்கருக்கும் ஒரே சிம்மைக் கொடுத்திருப்பார்கள். செக்கனுக்கு 1 மெகாபிட் வீடியோ ஒரு மணித்தியாலத்தில் 450 மெகாபைட் தின்னும். பக்கேஜ் தீர்ந்த அன்று கமராவோடு இடமும் மறையும். வீடியோ கருவியின் கார்டிலேயே இருக்கட்டும், வண்டி இரவு தரிப்பிடத்துக்கு வந்ததும் வைஃபையில் இறங்கட்டும். விபத்தோ சடுதியான பிரேக்கோ நடந்தால் அந்த சில செக்கன் துண்டு மட்டும் சிம் வழியே போகட்டும்.

மூன்றாவது, நின்ற இடத்தில் நடக்கும் வண்டி. தகரக் கொட்டிலுக்குள் வெட்டு மெசினை விட்டிருப்பார்கள். ஜி.பி.எஸ். அலை தகரத்தில் பட்டுத் தெறித்து வருவதால் இடம் அங்குமிங்கும் அலையும். கருவி அதை ஓட்டம் என்று எண்ணி இராப்பகலாக அனுப்பும். பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகம் வரை சும்மா நின்ற மெசின் ஒன்று, ஓடிய மாதங்களை விட அதிக டேட்டா தின்றதைக் கண்டிருக்கிறேன். இக்னிஷன் வயரைக் கட்டாயம் இணையுங்கள். இக்னிஷன் ஓஃப் என்றால் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை “இருக்கிறேன்” என்ற செய்தி போதும்.

இடைவெளியை எப்படி வைப்பது என்று தம்பிமார் கேட்பதுண்டு. நேரத்தை மட்டும் வைத்து அளக்காதீர்கள். முன்னே சொன்ன ஐரோப்பியத் தரத்தில் வண்டி 4 மீற்றர் நகர்ந்தால், அல்லது திசை 4 பாகை திரும்பினால், அல்லது வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர் மாறினால் செய்தி போகும். எதுவும் மாறாவிட்டால் செக்கனுக்கு ஒன்று. அது வண்டிகள் மோதுவதைத் தவிர்க்க வந்த கணக்கு, நமக்கு அவ்வளவு வேண்டாம். எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஓடும்போது 30 செக்கன், அல்லது 25 பாகை திருப்பம். கல்முனை – அக்கரைப்பற்று நேர்வீதியில் குறைவாகவும், செங்கலடியிலிருந்து மஹாஓயா தாண்டிப் பதுளை மலையேறும்போது வளைவுக்கு வளைவும் பதிவு விழும். பத்து மணித்தியாலம் ஓடும் பஸ்ஸுக்கு 1200 பதிவும் வளைவுகளும்தான். வரைபடத்தில் கோடு முன்னையதை விட வீதியோடு ஒட்டி வரும்.

கல்லடியில் நன்றாக வேலை செய்கிறது, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனால் சாகிறது

கேட்டதும் கவரேஜ் என்றுதான் தோன்றும். பாதித் தடவை அது ஏர்த் போல்ட், கருவியின் மைனஸ் வயரை வண்டியின் உடலோடு இணைப்பது.

டவருக்குக் கிட்ட இருந்தால் கருவி மெல்லப் பேசும். தூரம் போகப் போகச் சக்தியைக் கூட்டும். 900 மெகாஹேட்ஸ் 2ஜியில் அது 2 வாட் வரை போகும். அந்தக் கணத்தில் கருவிக்குள் டவரோடு பேசும் மொடியூல் 2 அம்பியர் வரை இழுக்கும், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு, செக்கனுக்கு 217 தடவை. வயர் மெல்லியதாக, ஏர்த் துருப்பிடித்ததாக, உள்ளே உள்ள சின்ன லிதியம் பற்றரி வீங்கிப்போனதாக இருந்தால் வோல்ட் விழுந்து கருவி மறுபடி தொடங்கும். தொடங்கி டவரைத் தேடும், மறுபடி உச்சத்தில் பேசும், மறுபடி விழும். நகரத்துக்குள் இந்தக் கோளாறு தலைகாட்டாது. வவுணதீவு தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறங்கியதும் தொடங்கும். 4ஜியின் உச்சம் 0.2 வாட்தான். 4ஜியில் நல்ல கருவி, 2ஜிக்கு இறங்கும் இடத்தில் சாவதும் இதனால்தான்.

சேர்வர் பதிவில் “கருவி தொடங்கியது” என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீற்றர் அந்தக் கண நேர வீழ்ச்சியைக் காட்டாது. நான் செய்வது: கருவியைக் கழற்றிவிட்டு அதே இரண்டு வயரில் 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றைப் பூட்டுவேன். 12 வோல்ட் வண்டியில் அது ஏறக்குறைய 1.75 அம்பியர் இழுக்கும். 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட் பல்ப். பல்ப் எரியும்போது மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மறுமுனையைக் கருவியின் ஏர்த் வயரிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஏர்த்தை நம்பாதீர்கள். கடற்காற்றுப் படும் காத்தான்குடி, கல்முனை வண்டிகளில் போல்ட்டைக் கழற்றி, பெயின்ற்றைச் சுரண்டி, மினுக்கி, இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். லிதியம் பற்றரி வீங்கியிருந்தால் அன்றே மாற்றுங்கள், நெருப்புப் பிடிக்கக்கூடியது.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் சிக்னலை அளக்க வேண்டும். மொடியூல் தரும் 0 முதல் 31 வரையான எண்ணை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டி.பி.எம். என்ற சிக்னல் வலு அளவு கிடைக்கும். 10 என்றால் கழித்தல் 93. அதற்குக் கீழே வெளி அன்டெனா போடுங்கள். 99 என்றால் அளக்கவே முடியவில்லை, முதலில் அன்டெனா கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி நின்று கொஞ்ச நேரத்தில் “தொடர்பில் இல்லை” என்று காட்டுகிறது

கருவி இணைப்பில் இருப்பதாக நினைக்கும், சேர்வரும் அப்படியே. நடுவில் சிம் கம்பனியின் இணைய முகவரி மாற்றும் பெட்டி, சில நிமிடம் எதுவும் போகாத இணைப்பை மறந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் அது தெரியாது. “இருக்கிறேன்” பதிவு 10 நிமிடத்துக்கு ஒன்றாக இருந்தாலும், எம்.கியூ.டி.டி. போன்ற செய்தி அனுப்பும் முறையில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை இணைப்பைத் தக்கவைக்கும் உயிர்ச்செய்தி வையுங்கள். அந்தச் செய்தி வெறும் 2 பைட். உறையோடு சேர்த்தாலும் நாளுக்குச் சில பத்துக் கிலோபைட்தான்.

நேரம் பிழை, திகதி பிழை

ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருந்தால் சேர்வர் உலக நேரத்தைக் காட்டுகிறது, மாற்றிவிடுங்கள். அரை மணித்தியாலம் முன்னால் இருந்தால் பழைய மென்பொருளில் கொழும்பு நேரம் இன்னும் ஆறு மணித்தியால வித்தியாசத்தில் இருக்கிறது. 2006 ஏப்ரலில் இலங்கை ஐந்தரைக்குத் திரும்பியது அதற்குத் தெரியாது. திகதி ஏறக்குறைய 20 வருடம் பின்னால் என்றால் அது ஜி.பி.எஸ். வார எண். 10 பிட்டில் எண்ணுவதால் 1024 வாரத்துக்கு ஒரு தடவை சைபருக்கு வரும், கடைசியாக வந்தது 2019 ஏப்ரல் 6. பழைய கருவி இதைப் புரிந்துகொள்ளாமல் பழைய திகதியோடு அனுப்ப, சேர்வர் “பழைய தகவல்” என்று வீசிவிடும். பார்ப்பவருக்கு டேட்டாவே வராதது போலிருக்கும். புதிய மென்பொருள் இருந்தால் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கருவியை மாற்றுவதே வழி.

மாரி தொடங்கினால் கோளாறு தொடங்குகிறது

மழைத்துளி 900, 1800 மெகாஹேட்ஸ் அலையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. செய்வது தண்ணீர். கூரையில் பூட்டிய அன்டெனாவின் கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் சிக்னல் அங்கேயே மடியும். கேபிள் கீழே வளைந்து பிறகு மேலேறிக் கருவிக்குள் நுழையும்படி விடுங்கள், வளைவில் தண்ணீர் சொட்டிவிடும். கனெக்டரில் தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள், சாதாரணக் கறுப்பு டேப் ஒரு மாரி தாங்காது.

பல வண்டிகள் ஒரே இடத்தில் ஒன்றாக மறைந்தால் அது உங்கள் கோளாறல்ல. கரண்ட் நின்று டவரின் பற்றரியும் தீர்ந்திருக்கும், அல்லது டவருக்கு டவர் போகும் மைக்ரோவேவ் இணைப்பு கடும் மழையில் அறுந்திருக்கும். அந்த உயர் அலைவரிசைக்கு மழை உண்மையிலேயே தடை.

அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது டவர் திரும்பும் கணத்தை. எல்லா வண்டியும் ஒரே செக்கனில் கதவைத் தட்டினால் சேர்வர் திணறலாம், இணைப்பு அறும், எல்லாமே மறுபடி ஒன்றாகத் தட்டும். மறு முயற்சியை 5, 10, 20, 40 செக்கன் என்று விரித்துக்கொண்டு போங்கள், இடைவெளி 10 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அதன் மேல் கருவிக்குக் கருவி வேறுபடும் ஒரு குருட்டுத் தாமதத்தையும் சேருங்கள். வெள்ள நாட்களில் ட்ரெக்டரும் படகு ஏற்றிய லொறியும் எங்கே நிற்கின்றன என்று அறிய நாலு பக்கத்திலிருந்தும் போன் வரும். அந்த நேரத்தில் சேர்வர் எழும்பாமல் கிடந்தால் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. ஆகவே இந்த செட்டிங்கை ஐப்பசி பிறக்குமுன் எல்லா வண்டிக்கும் போட்டு, இரண்டு வண்டியின் அன்டெனாவைக் கழற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, திரும்பப் பூட்டி, பதிவுகள் (வசதி உள்ள கருவியில்) புதியதிலிருந்து பழையதாக வந்து சேருகின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.